உங்கள் தெருப் பக்கம் குப்பை மாற்று நிலையமா? அனுமதி உத்தரவில் என்ன இருக்கிறது, எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் வீட்டு வாசலுக்கு வரும் பேட்டரி வண்டியில் குப்பையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம். அந்த வண்டி அங்கிருந்து எங்கே போகுது? நேராகக் குப்பைக் கிடங்குக்கா? பெரும்பாலும் இல்லை. நடுவில் ஓர் இடம் இருக்கிறது. சிறிய வண்டிகள் கொண்டுவரும் குப்பை அங்கே பெரிய லாரிக்கு மாறும். அதன் பெயர்தான் குப்பை மாற்று நிலையம். சில ஊர்களில் குப்பை மாற்று வளாகம் என்பார்கள். பேச்சு வழக்கில் டிரான்ஸ்பர் ஸ்டேஷன்.

இப்படி ஒரு நிலையம் நம் பகுதிக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டே குரல்தான் கேட்கும். "இங்க வரவே கூடாது" என்று ஒரு பக்கம். "கவர்மென்ட் முடிவு பண்ணிட்டா நாம என்ன செய்ய முடியும்" என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அந்த நிலையம் எந்த நிபந்தனைகளோடு இயங்க வேண்டும் என்று எழுதப்பட்ட உத்தரவைக் கேட்டு வாங்கி, அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பது. அதற்கான வழிகாட்டிதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குறிப்பு. இங்கே சொல்லப்படுபவை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளை அடிப்படையாகக் கொண்டவை. விதிகள் மாற்றப்படும்போது படிவ எண்ணும் நாள் கணக்கும் மாறலாம். நீங்கள் மனு எழுதும் நாளில் நடப்பில் உள்ளதை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்று நிலையம் வேறு, குப்பைக் கிடங்கு வேறு

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். குப்பைக் கிடங்கு என்றால் குப்பை வந்து தங்கும் இடம். சென்னையில் கொடுங்கையூரும் பெருங்குடியும் அப்படிப்பட்டவை. மாற்று நிலையம் என்பது குப்பை வந்து, வண்டி மாறி, போய்விடும் இடம். 2016 விதிகள் இதற்குத் தரும் விளக்கத்தின் சாரம் இதுதான்: சேகரிக்கும் பகுதிகளிலிருந்து குப்பையைப் பெற்று, மூடிய வாகனங்களிலோ பெட்டகங்களிலோ மொத்தமாகப் பதப்படுத்தும் இடத்துக்கோ அகற்றும் இடத்துக்கோ அனுப்புவதற்கான வசதி.

இதில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று 'மூடிய'. இன்னொன்று 'அனுப்புவதற்கான'. குப்பை நாள்கணக்கில் மலைபோல் குவிந்து கிடந்தால் அது மாற்று நிலையமாக நடக்கவில்லை என்று அர்த்தம். திறந்த லாரியில் சாலை முழுக்கச் சிந்திக்கொண்டு போனாலும் அதே அர்த்தம்தான். புகார் கொடுக்கும்போது உங்கள் வாதத்தின் அடித்தளம் இந்த விளக்கமே.

இப்படி ஓர் இடம் எதற்கு?

ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பகுதியில் தினமும் 20 டன் குப்பை சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேட்டரி வண்டி நடைக்கு 400 கிலோ ஏற்றினால், மொத்தக் குப்பைக்கும் 50 நடை ஆகும். அந்த 50 நடையும் ஊருக்கு வெளியே பல கிலோமீட்டர் போய்வர வேண்டும் என்றால், பாதி நாள் வண்டி சாலையிலேயே இருக்கும். அடுத்த தெருவுக்கு வண்டி வராது. அதே குப்பையைப் பக்கத்திலேயே ஓரிடத்தில் 10 டன் லாரிக்கு மாற்றினால், தூரப் பயணம் 2 நடையில் முடிந்துவிடும்.

சென்னை போன்ற நகரில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. மாற்று நிலையம் இல்லாவிட்டால் குப்பை தெருமுனைத் தொட்டியிலேயே தேங்கும். ஆக, நிலையம் வேண்டும். கேள்வி அது எப்படி நடக்கணும் என்பதில்தான்.

அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்தது. அது கிடங்கு, மாற்று நிலையம் அளவில் மிகச் சிறியது. ஆனால் குப்பை தங்கத் தொடங்கினால் எந்த இடமும் மெல்ல மெல்லக் கிடங்காகிவிடும். நம் வெயிலில் ஈரக்குப்பை சீக்கிரமே அழுகும். அழுகினால் நாற்றம், ஈ, எலி, தெருநாய். அழுத்தினால் குப்பைச்சாறு. மழை பெய்தால் அந்தச் சாறு வழிந்து, பக்கத்து மழைநீர் வடிகால் வழியாகக் கால்வாய்க்குப் போகும். அனுமதி உத்தரவில் போடப்படும் பெரும்பாலான நிபந்தனைகள் இந்தச் சங்கிலியை எங்காவது ஓரிடத்தில் அறுப்பதற்காகத்தான்.

யார் அனுமதி கொடுக்க வேண்டும்?

ஒரே ஓர் உத்தரவில் முடிகிற காரியம் இல்லை இது. அடுக்கடுக்காகப் போகும்.

1. இடம். நிலம் யாருடையது, அந்த இடம் எந்தப் பயன்பாட்டுக்கு வகைப்படுத்தப்பட்டது என்பது முதல் கேள்வி. சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறை இதைப் பார்க்கும். கழிவு பதப்படுத்தும் வசதிகளுக்கு ஏற்ற நிலத்தை அடையாளம் காண்பதில் மாவட்ட ஆட்சியருக்கும் விதிகள் பொறுப்பு கொடுத்திருக்கின்றன.

2. நிறுவுவதற்கான இசைவாணை. 'இசைவாணை' என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் ஒப்புதல் உத்தரவு. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவும், 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவும் இதற்கான அடிப்படை. நீர்ச் சட்டம் தொழிற்சாலையை மட்டும் சொல்லவில்லை. கழிவுநீர் வெளியேறக்கூடிய எந்தச் செயல்பாட்டையும் சொல்கிறது. தளம் கழுவும் நீர், வண்டி கழுவும் நீர், குப்பைச்சாறு எல்லாம் சேரும் இடம் என்றால் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். இந்த உத்தரவு கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பே வாங்க வேண்டியது.

3. இயக்குவதற்கான இசைவாணை. கட்டி முடித்த பிறகு, முதல் உத்தரவில் சொன்னபடி கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துத் தருவது. எத்தனை டன் வரை கையாளலாம், எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரங்கள் இதில் இருக்கும். தேதி முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

4. திடக்கழிவு விதிகளின் கீழ் அங்கீகாரம். குப்பையைப் பதப்படுத்தும், சுத்திகரிக்கும், அகற்றும் வசதி நாளொன்றுக்கு 5 டன்னைத் தாண்டினால், உள்ளாட்சியோ அதை நடத்தும் நிறுவனமோ படிவம் 1இல் வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்று பல நிலையங்களில் வண்டி மாற்றுவதோடு, மக்கும் குப்பையை உரமாக்குவது, மக்காத குப்பையைத் தரம் பிரிப்பது போன்ற வேலைகளும் அதே வளாகத்தில் நடக்கின்றன. அப்படியென்றால் இந்த அங்கீகாரத்தைப் பற்றியும் கேளுங்கள்.

அங்கீகாரம் தருவதற்கு முன்பு வாரியம் மற்ற துறைகளின் கருத்தையும் கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். நகர் ஊரமைப்பு, நிலத்தடி நீர், நெடுஞ்சாலை, ரயில்வே, மின் விநியோகம், விமான நிலைய ஆணையம் போன்றவை அவை. கருத்துச் சொல்ல அவற்றுக்கு 4 வாரம் அவகாசம் உண்டு. உத்தரவு 60 நாளுக்குள் படிவம் 2இல் வர வேண்டும். அதன் காலத்தை இசைவாணையின் காலத்தோடு ஒத்திசைக்கணும் என்றும் விதி சொல்கிறது. காலம் முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும்.

5. சுற்றுச்சூழல் அனுமதி. இது வேறு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், நகர்ப்புறத் திடக்கழிவுக்கான பொது மேலாண்மை வசதி என்று ஓர் இனம் இருக்கிறது. பட்டியலில் 7(i). மாற்று நிலையம் என்று தனியாகப் பெயர் சொல்லி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பெரிய ஒருங்கிணைந்த வளாகத்தின் பகுதியாக நிலையம் வந்தால், அந்த வளாகத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கப்பட்டதா என்று கேட்கலாம். அந்த நடைமுறையில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

"மாநகராட்சியே நடத்துற இடத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?" என்ற சந்தேகம் பலருக்கு வரும். பொருந்தும். வசதியை நடத்துபவர் என்ற விளக்கத்துக்குள் உள்ளாட்சி அமைப்பையும் அது நியமிக்கும் நிறுவனத்தையும் விதிகள் சேர்த்தே சொல்கின்றன.

உத்தரவைப் படிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உத்தரவு பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல பக்கத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். கீழே உள்ளவற்றை மட்டும் தேடிப் பிடித்தால் போதும். எல்லா உத்தரவிலும் எல்லாமே இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாத ஒன்று முக்கியமானதாக இருந்தால், அதையே மனுவில் கேள்வியாக வைக்கலாம்.

அளவு: நாளொன்றுக்கு எத்தனை டன்? 50 டன்னுக்கு உத்தரவு வாங்கிய இடத்தில் 120 டன் வந்தால் மற்ற எல்லா நிபந்தனையும் தானாகவே உடையும். நிலையத்தில் எடைமேடை இருக்கா, தினசரிக் கணக்குப் பதிவேடு இருக்கா என்பது இதோடு சேர்ந்த கேள்வி.

தங்கும் நேரம்: வந்த குப்பை எத்தனை மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும்? அன்றைய குப்பை அன்றே போகிறதா?

கூரையும் தளமும்: மழை நேராகக் குப்பையில் விழாதபடி கூரை, சாறு மண்ணில் இறங்காதபடி கான்கிரீட் தளம், சாறு ஓடிச் சேர வடிகாலும் தொட்டியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அக்கம்பக்கம் தவிக்கும்.

குப்பைச்சாறு: தொட்டியில் சேரும் சாறு எங்கே போகிறது? சுத்திகரித்து நீர்நிலைக்கு விடுவதாக இருந்தால், பி.ஓ.டி. எனப்படும் அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சி.ஓ.டி. அளவு 250க்குள், அமில காரத் தன்மை 5.5 முதல் 9 வரை. பி.ஓ.டி. என்பது நீரில் உள்ள அழுகும் பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதன் கணக்கு. புதிதாக வடியும் குப்பைச்சாற்றில் இந்த அளவு பல ஆயிரம் வரை போகும். அதனால்தான் 'ஒரு பைப் போட்டு வடிகால்ல விட்டுட்டோம்' என்பது எந்த உத்தரவிலும் ஏற்கப்படாத பதில்.

சத்தம்: குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே வரம்பு இன்னும் குறைவு. நள்ளிரவில் காம்பாக்டர் லாரி ஓடும் நிலையங்களுக்கு இது முக்கியம்.

எந்தக் குப்பை வரக் கூடாது: மருத்துவக் கழிவு, தொழிற்சாலையின் அபாயகரக் கழிவு, மின்னணுக் கழிவு, கட்டட இடிபாடு ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனி வழி உண்டு. மாற்று நிலையத்தில் ஊசியும் மருந்து பாட்டிலும் கிடந்தால் அது சாதாரண விஷயம் இல்லை.

தீ: தீயணைப்பு ஏற்பாடு, தண்ணீர்த் தொட்டி, எரிக்கத் தடை. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருக்கிறது.

தொழிலாளர் பாதுகாப்பு: சீருடை, ஒளிரும் மேல்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் இவை எல்லாம் விதியிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை. நாற்றத்தை நாம் வாசலில் நின்று சகிக்கிறோம். அவர்கள் அதன் நடுவில் நின்று வேலை பார்க்கிறார்கள். வெறும் கையோடு குப்பையைக் கிளறுவதைப் பார்த்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

200 மீட்டர் குழப்பம்

"வீடுகள்ல இருந்து 200 மீட்டர் தள்ளித்தான் இருக்கணும்னு சட்டம் இருக்கே" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்த 200 மீட்டர் நிரப்பு நிலத்துக்கானது. அதாவது குப்பையை நிரந்தரமாகப் புதைக்கும் இடத்துக்கானது. குடியிருப்பு, நெடுஞ்சாலை, பூங்கா, குடிநீர்க் கிணறு, குளம் இவற்றிலிருந்து 200 மீட்டர், ஆற்றிலிருந்து 100 மீட்டர் என்று 2016 விதிகளின் முதல் அட்டவணை சொல்கிறது. மாற்று நிலையத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

அப்போ பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது. நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் பதப்படுத்தும், அகற்றும் வசதிகளைச் சுற்றி இடைவெளி மண்டலம் அறிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நிலப் பயன்பாட்டு வகையும், இசைவாணையின் நிபந்தனைகளும் இருக்கின்றன. தவறான பிரிவைச் சொல்லி மனு போட்டால் 'பொருந்தாது' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். சரியான பிரிவைச் சொன்னால் அதிகாரி களத்துக்கு வந்து பார்க்க வேண்டியிருக்கும். வித்தியாசம் அவ்வளவு பெரியது.

கையிலிருக்கும் போனில் என்ன செய்யலாம்?

முதல் படி, உத்தரவைத் தேடுவது. இசைவாணை விண்ணப்பங்கள் இணையவழியில் கையாளப்படுகின்றன. வாரியத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். நிலையத்தின் பெயர் உங்களுக்குத் தெரிந்த பெயராக இருக்காது. உள்ளாட்சியின் பெயரிலோ ஒப்பந்த நிறுவனத்தின் பெயரிலோ இருக்கலாம். அதனால் வார்டு எண், மண்டலம், சாலைப் பெயர் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி, கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். தமிழ்நாடு அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: தான் வழங்கிய அனுமதிகள், அங்கீகாரங்களைப் பெற்றவர்களின் விவரத்தை ஒவ்வொரு பொது அலுவலகமும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. 'இது ரகசியம்' என்று சொல்ல இடமில்லை.

ஆர்டிஐ மனுவில் இப்படிக் கேட்கலாம்:

அ. ... வார்டு, ... சாலையில் இயங்கும் குப்பை மாற்று நிலையத்துக்கு வழங்கப்பட்ட நிறுவுவதற்கான, இயக்குவதற்கான இசைவாணைகளின் நகல்கள்.

ஆ. திடக்கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் அங்கீகாரம் வழங்கப்பட்டிருந்தால் படிவம் 2இன் நகல்.

இ. கடந்த 12 மாதங்களில் வாரிய அலுவலர்கள் ஆய்வு செய்த தேதிகள், ஆய்வறிக்கை நகல்கள், நீர் மாதிரிப் பரிசோதனை முடிவுகள்.

ஈ. விதிமீறலுக்காக அறிவிப்பு அனுப்பப்பட்டிருந்தால் அதன் நகல்.

'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று ஆர்டிஐயில் கேட்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். அதைத்தான் தர முடியும். இ, ஈ ஆகியவற்றை வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். நடத்தும் நிறுவனம் உள்ளாட்சிக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் தர வேண்டிய படிவம் 3 அறிக்கையை உள்ளாட்சியிடம் கேளுங்கள். அதை வைத்து உள்ளாட்சி தயாரிக்கும் படிவம் 4 அறிக்கை ஜூன் 30க்குள் வாரியத்துக்குப் போக வேண்டும்.

மூன்றாவது படி, பதிவு செய்வது. ஒரு வாரம் தொடர்ந்து, ஒரே இடத்திலிருந்து, பொதுச் சாலையில் நின்று படம் எடுங்கள். தேதி, நேரம், இருப்பிடம் படத்திலேயே வரும்படி கேமரா அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் இருந்த குவியல் இரவிலும் இருக்கா? லாரி மூடியிருக்கா? சாறு எந்தப் பக்கம் ஓடுது? இந்த மூன்றும் போதும். உள்ளே அத்துமீறி நுழைய வேண்டாம். வேலை செய்பவர்களின் முகத்தைப் படம்பிடித்துப் பரப்பவும் வேண்டாம்; நிர்வாகத்தின் குறைக்கு அவர்களைப் பலியாக்கக் கூடாது.

புகாரை எங்கே கொடுப்பது?

குப்பை தேங்குவது, லாரி வராதது, தெருவில் சிந்துவது போன்ற அன்றாடக் குறைகளுக்கு முதலில் உள்ளாட்சி. சென்னையில் 1913 என்ற எண்ணும் நம்ம சென்னை செயலியும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் அந்தந்த மாநகராட்சி, நகராட்சியின் புகார் எண்ணைப் பயன்படுத்துங்கள். எங்கே இருந்தாலும் முதல்வரின் உதவி மையத்தை 1100இல் அழைக்கலாம். புகார் எண்ணைத் தவறாமல் குறித்து வையுங்கள்.

சாறு வடிகாலில் கலப்பது, தாங்க முடியாத நாற்றம், புகை, இரவுச் சத்தம் போன்றவற்றுக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். வாரியத்தின் இணையதளம் வழியாகவும் புகார் தரலாம். 'நாற்றம் அடிக்கிறது' என்று மட்டும் எழுதினால் போதாது. 'இயக்குவதற்கான இசைவாணையின் இத்தனையாவது நிபந்தனைப்படி சாறு தொட்டியில் சேகரிக்கப்பட வேண்டும். இந்தத் தேதிகளில் அது கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டி மழைநீர் வடிகாலில் ஓடியது. படங்கள் இணைப்பில்' என்று எழுதுங்கள். இப்படி எழுதப்பட்ட மனுவை ஓரமாக வைப்பது கஷ்டம்.

நிபந்தனை மீறப்பட்டால் வாரியத்துக்கு என்ன அதிகாரம்? விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பலாம். வாய்ப்பு கொடுத்துவிட்டு அங்கீகாரத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். நீர்ச் சட்டத்தின் 33ஏ, காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவுகளின் கீழ் மூடவும், மின்சாரத்தை நிறுத்தவும்கூட உத்தரவிடலாம்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். பல துறைகள் சம்பந்தப்பட்ட பிரச்சினைக்கு இது நல்ல வழி; நிலம் ஒரு துறை, வடிகால் ஒரு துறை, குப்பை ஒரு துறை என்று அலைய வேண்டியதில்லை.

எதுவுமே பலிக்காவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும் என்பது பொதுவான காலவரம்பு. அதனால் 'பார்ப்போம், பார்ப்போம்' என்று வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

நம் பங்கும் இருக்கிறது

நிலையத்தின் நாற்றத்தில் ஒரு பங்கு நம் சமையலறையிலிருந்து போகிறது. நேற்றைய சாம்பாரும் பிளாஸ்டிக் கவரும் ஒரே பையில் போனால் அந்தப் பை பிரிக்கவே முடியாத குப்பையாகிவிடும். மக்கும் குப்பை தனியாக வந்தால் அது நேராக உரக் கூடத்துக்குப் போகும். மக்காத குப்பை தனியாக வந்தால் அதில் சாறு வடியாது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயகரக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது 2016 விதிகள் ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்ன கடமை. தெருவே பிரித்துக் கொடுத்தால் நிலையத்துக்கு வரும் ஈரக்குப்பையின் அளவே குறையும்.

இன்னொன்றையும் யோசிக்கலாம். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இருப்பவர்கள் பல பத்தாண்டுகளாக மொத்த நகரத்தின் குப்பையோடு வாழ்ந்தார்கள். 'எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம்' என்று எல்லாத் தெருவும் சொன்னால், குப்பை கடைசியில் எதிர்த்துப் பேச வலுவில்லாதவர்களின் தெருவுக்குத்தான் போகும். ஒழுங்காக நடக்கும் சின்னச் சின்ன நிலையங்கள் பல பகுதிகளிலும் இருப்பது அதைவிட நியாயம். ஆனால் 'ஒழுங்காக' என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும் என்றால், அக்கம்பக்கத்தார் கையில் அந்த உத்தரவின் நகல் இருக்க வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதியில் கட்டுமானம் தொடங்கிவிட்டது. இனி கேட்க முடியுமா?
முடியும். நிறுவுவதற்கான இசைவாணை தேவைப்படும் இடம் என்றால் அது கட்டுமானத்துக்கு முன்பே பெறப்பட்டிருக்க வேண்டும். அதன் தேதியைக் கேளுங்கள்.

இசைவாணையின் காலம் முடிந்துவிட்டது, நிலையம் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?
புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறார்களா, எந்தத் தேதியில் என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பமே இல்லை என்றால் அதுவே தனிப் புகார்.

நிலையத்தில் விபத்து நடந்தால்?
பதப்படுத்தும், சுத்திகரிக்கும், அகற்றும் வசதிகளில் விபத்து நடந்தால் பொறுப்பு அலுவலர் படிவம் 6இல் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகலையும் ஆர்டிஐயில் கேட்கலாம்.

தனியாகப் போகணுமா, சங்கமாகப் போகணுமா?
ஆர்டிஐ மனுவைத் தனிநபர் பெயரில் போடுங்கள். புகார் மனுவில் பத்துப் பேர் கையெழுத்து இருந்தால் நல்லது. படங்களும் தேதிகளும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அடுத்து யார் தொடர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

நிலையம் சரியாகத்தான் நடக்கிறது. அப்போதும் உத்தரவின் நகல் வேண்டுமா?
வாங்கி வையுங்கள். ஒப்பந்த நிறுவனம் மாறலாம், வரும் குப்பையின் அளவு கூடலாம், மழைக்காலம் வரலாம். அந்த நேரத்தில் 30 நாள் காத்திருக்காமல் அன்றே ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.